பச்சிளங் குழந்தையின் குருதி அறிக்கை: மலையக வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பிறந்த குழந்தைகளின் குருதியில் கிருமித்தொற்று பரவும் நிலையை மருத்துவத்தில் ‘செப்சிஸ்’ என்கிறோம். அதைக் கண்டறிவதற்காக எடுக்கப்படும் முழுக் குருதிக் கணக்கெடுப்பு, அதாவது வைத்தியசாலைகளில் எஃப்.பி.சி. எனப்படும் பரிசோதனை, குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி (தலவாக்கலை, ஒரு தந்தை): மகள் பிறந்த அன்றே எடுத்த இரத்தப் பரிசோதனையில் வெண்குழியங்கள் 24,000 என வந்துள்ளது. அறிக்கையில் 4,000 முதல் 11,000 வரை என்று அச்சிட்டு, பக்கத்தில் ‘அதிகம்’ என்றும் குறித்திருக்கிறார்கள். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறாள். தொற்று இருக்கிறதா?

பதில்: அறிக்கையில் அச்சிடப்பட்டிருப்பது வளர்ந்தவர்களுக்குரிய எல்லை. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு முதல் நாளில் ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் 9,000 முதல் 30,000 வரை வெண்குழியங்கள் இருப்பது இயல்பே. அவற்றுள் நியூட்ரோபில் என்னும் வகை பிறந்தவுடன் வேகமாக அதிகரித்து, ஏறத்தாழ 6 முதல் 14 மணித்தியாலங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பின்னர் மூன்றாம் நாள்வரை படிப்படியாக இறங்கும். ஆகவே எட்டாவது மணித்தியாலத்தில் கவலை தராத ஓர் எண், நான்காம் நாளில் கவலை தரலாம். நீண்ட பிரசவ வலி, பிறக்கும்போது மூச்சுத் திணறியிருத்தல், தாய்க்குக் காய்ச்சல் போன்ற காரணங்களாலும் இந்த எண்ணிக்கை உயரும். நலமாகப் பால் குடிக்கும் குழந்தைக்கு 24,000 என்பது மட்டும் தொற்றுக்குச் சான்றாகாது. உங்கள் அச்சத்துக்கு அந்த அச்சிட்ட எல்லையே காரணம். பச்சிளங் குழந்தையின் அறிக்கையில் அதன் வயதை மணித்தியாலக் கணக்கில் எழுதி, அந்த வயதுக்குரிய எல்லையையே அச்சிட வேண்டும் என்று ஆய்வுகூடங்களை வேண்டிக்கொள்கிறேன்.

கேள்வி (ஹட்டன், தாதி உத்தியோகத்தர்): அப்படியானால் எண்ணிக்கை குறைந்திருந்தால்?

பதில்: அதற்கே நான் கூடுதலாகக் கவலைப்படுவேன். மொத்த வெண்குழியங்கள் 5,000க்குக் கீழ் இறங்குவதும், நியூட்ரோபில்கள் வயதுக்குரிய கீழெல்லைக்கும் குறைவதும், எண்ணிக்கை உயர்வதைவிட வலுவான எச்சரிக்கைகள். கிருமியோடு போராடும் உடல் எலும்பு மச்சையிலுள்ள இருப்பையெல்லாம் செலவழித்துவிட்டது என்பது இதன் பொருளாக இருக்கலாம். எனினும் கர்ப்பகாலத்தில் உயர் குருதி அமுக்கத்துக்கு ஆளான தாய்மாரின் குழந்தைகளிலும், குறைமாதக் குழந்தைகளிலும் தொற்று இல்லாமலேயே நியூட்ரோபில்கள் குறைந்து காணப்படும் என்பதால், தாயின் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்தே அறிக்கையைப் படிக்க வேண்டும்.

கேள்வி (பதுளை மாவட்டம், பிரதேச வைத்தியசாலையில் பணியாற்றும் இளம் வைத்தியர்): மாதிரியை எப்போது எடுப்பது நல்லது? எந்த எண்ணை நம்புவது?

பதில்: பிறந்தவுடன் எடுக்கும் மாதிரி பெரும்பாலும் வீண்போகிறது. தொற்று இருந்தாலும் உடல் எதிர்வினை காட்டுவதற்குச் சில மணித்தியாலங்கள் தேவை. எனவே குழந்தை நிலையாக இருந்து, தாயின் வரலாற்றினால் மட்டுமே சந்தேகம் எழுந்திருந்தால், 6 முதல் 12 மணித்தியாலங்கள் கழித்து எடுப்பதே பயன் தரும். குழந்தை நோயுற்றுத் தோன்றினால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. குருதியில் கிருமி இருந்தால் அதை வளர்த்துப் பார்க்கும் குருதி வளர்ப்புப் பரிசோதனைக்கு மாதிரியை எடுத்துக்கொண்டு, சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும்.

எந்த எண் என்றால், மொத்த எண்ணிக்கையைவிட முதிராத நியூட்ரோபில்களுக்கும் மொத்த நியூட்ரோபில்களுக்கும் இடையிலான விகிதம் அதிகம் சொல்லும். மொத்தம் 10,000 நியூட்ரோபில்களில் 2,500 முதிராதவை என்றால் விகிதம் 0.25. இது 0.2ஐத் தாண்டினால் ஐயம் வலுக்கும். ஆனால் விகிதம் உயர்ந்த குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தொற்று இருப்பதில்லை. விகிதம் இயல்பாக இருந்து குழந்தையும் நலமாக இருந்தால் தொற்று இல்லை என்று நம்புவதற்கே இது கூடுதலாக உதவுகிறது. இயந்திரம் தரும் எண்ணோடு நின்றுவிடாமல், கண்ணாடித் தகட்டில் மெல்லிதாகத் தடவிய குருதிப் பூச்சை நுண்ணோக்கியில் பார்க்குமாறு ஆய்வுகூடத்திடம் கேளுங்கள். கருவுள்ள செங்குழியங்களைச் சில இயந்திரங்கள் வெண்குழியங்களாக எண்ணிவிடுகின்றன. இயந்திரம் 30,000 எனக் காட்டி, பூச்சில் 100 வெண்குழியங்களுக்கு 50 கருவுள்ள செங்குழியங்கள் தெரிந்தால், உண்மையான எண்ணிக்கை 20,000 மட்டுமே. குதிக்காலில் குத்தி எடுத்த குருதியிலும், குழந்தை வீறிட்டு அழுத பின்னர் எடுத்த குருதியிலும் எண்ணிக்கை கூடித் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி (நுவரெலியா, ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்): நாம் வாழும் உயரம் இந்த எண்களை மாற்றுமா?

பதில்: மலையகத்திலிருந்து வரவேண்டிய கேள்வி இது. பல காலமாக உலகெங்கும் பயன்பட்டுவந்த நியூட்ரோபில் வரைபடத்தை 1979இல் மன்றோவும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், அதாவது தாழ்நிலப் பகுதியில், உருவாக்கினார்கள். அதில் உச்ச நேரத்தின் மேலெல்லை சுமார் 14,400. பின்னர் 2008இல், 4,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள யூட்டா மாநில வைத்தியசாலைகளின் தரவுகளைத் திரட்டியபோது, நிறைமாதக் குழந்தைகளுக்கு அந்த மேலெல்லை ஏறத்தாழ 28,000 என வந்தது. எண்ணும் முறைகள் மாறியதும் இதற்குக் காரணமாக இருக்கலாம், உயரமும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. நுவரெலியா 1,868 மீற்றர், அதாவது 6,000 அடிக்கு மேல். ஆகவே கொழும்பில் ‘அதிகம்’ என்று தோன்றும் ஓர் எண் உங்கள் ஆய்வுகூடத்தில் இயல்பாக இருக்க இடமுண்டு. ஆனால் உச்ச நேரத்தின் கீழெல்லை இரண்டு வரைபடங்களிலும் 7,500ஐ ஒட்டியே நிற்கிறது. எனவே குறைந்த எண்ணிக்கைக்கு உயரத்தைக் காரணம் காட்டி யாரும் அமைதியடைந்துவிடக் கூடாது.

கேள்வி (பண்டாரவளை, ஒரு தாய்): அறிக்கை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மகனுக்கு இரண்டு நாள் ஊசி போட்டார்கள். ஏன்?

பதில்: உங்கள் வைத்தியர் சரியாகவே செய்திருக்கிறார். தொற்றுள்ள குழந்தையின் முதல் எண்ணிக்கையும் இயல்பாக இருக்கக்கூடும். தொற்றை உறுதிப்படுத்துவது குருதி வளர்ப்புப் பரிசோதனை, அதற்குக் குறைந்தது ஒரு மில்லிலீற்றர் குருதி வேண்டும். கிருமி வளர்ந்தால் பெரும்பாலும் 36 முதல் 48 மணித்தியாலங்களுக்குள் தெரிந்துவிடும். அதுவரை நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுத்துவிட்டு, கிருமி வளரவில்லை, குழந்தையும் தேறியிருக்கிறது என்றால் நிறுத்துவதே முறை. தொற்றின்போது குருதியில் உயரும் ஒரு புரதத்தை அளக்கும் சீ.ஆர்.பி. என்ற பரிசோதனையும் இங்கே உதவும். அது உயர்வதற்குத் தொற்றுத் தொடங்கி அரை நாள் வரை ஆகலாம் என்பதால், ஒரு நாள் இடைவெளியில் இரண்டு முறை பார்க்கிறார்கள்.

கேள்வி (மாத்தளை): குருதிச் சிறுதட்டுகள் 150,000க்குக் குறைந்தால் செப்சிஸா?

பதில்: இருக்கலாம், ஆனால் இது பிந்தி வரும் அடையாளம், தொடக்கத்திலேயே தொற்றைக் கண்டுபிடிக்க உதவாது. குதிக்காலிலிருந்து எடுத்த குருதி சிறிது உறைந்திருந்தாலும் எண்ணிக்கை பொய்யாகக் குறையும் என்பதால், நாளத்திலிருந்து மீண்டும் எடுத்துப் பாருங்கள். பிரசவத்தை ஒட்டித் தாய்க்கு டெங்கு இருந்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

கேள்வி (மஸ்கெலியா, தோட்டத்தில் வசிக்கும் பாட்டி): பேத்தி பிறந்து பத்து நாள். நேற்றிலிருந்து சரியாகப் பால் குடிக்கவில்லை, கை கால் குளிர்ந்திருக்கிறது. குளிர்காலம்தானே என்கிறார்கள். டவுனில் இரத்தம் பார்த்துவிட்டு வைத்தியரிடம் போகலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, இரத்தம் பார்க்க ஓர் அரை நாள்கூடச் செலவழிக்காதீர்கள். முன்பு நன்றாகக் குடித்த குழந்தை பால் குடிப்பதை விடுவதே போதுமான காரணம்; நேராக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். நமது லயன் அறைகளின் குளிரில் குழந்தையின் பாதங்கள் குளிர்வது உண்டு, ஆனால் வயிறும் நெஞ்சும் தொட்டால் குளிர்ந்திருப்பதும், உடல்வெப்பம் 35.5 பாகைக்குக் கீழ் இறங்குவதும் வானிலையால் மட்டும் வருபவை என்று எண்ணக் கூடாது. 37.5 பாகையைத் தொடும் காய்ச்சல், நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, நெஞ்சு உள்ளிழுத்தல், வலிப்பு, தட்டி எழுப்பினால் மட்டும் அசைதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இதே பதில்தான். 1990 என்ற எண்ணை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வழியில் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோலும் தோலும் படுமாறு அணைத்து, மேலே கம்பளியால் போர்த்துங்கள். தாயின் கர்ப்பகாலப் பதிவேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பனிக்குடம் எப்போது உடைந்தது, பிரசவத்தின்போது காய்ச்சல் இருந்ததா என்று அங்கே முதலில் கேட்பார்கள்.