வீட்டில் பாட்டுப் பதிவு: மைக் கேள்விகளும் பதில்களும்

கே: அக்கா, 3,000 ரூபாய்க்கு ஒரு கண்டென்சர் மைக் வாங்கினேன். என் குரல் கண்ணாடியில் கீறினதுபோல் கேட்கிறது. இதமாகக் கேட்க எதை வாங்கலாம்?

ப: உங்கள் குரலில் குறையில்லை. மலிவான கண்டென்சர்கள் பலவற்றின் கேப்சூல் (ஒலியை வாங்கும் பகுதி), நியூமன் யு87 என்ற விலையுயர்ந்த ஸ்டுடியோ மைக்கில் இருப்பதைப் பார்த்துச் செய்தது. அது இயல்பிலேயே மேல் ஒலிகளைத் தூக்கிக் காட்டும். யு87-இன் உள்ளே இருக்கும் சர்க்யூட் அதை அடக்கிவிடும். மலிவு மைக்குகள் பலவற்றில் கேப்சூல் மட்டும் வந்தது, அந்தச் சர்க்யூட் வரவில்லை. அதனால்தான் ‘ஸ’ வரும் இடமெல்லாம் காதைக் குத்துகிறது.

செலவு செய்யும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி, வாயை நோக்கித் திருப்பி வையுங்கள். அப்புறம், உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு தடித்த போர்வையைத் தொங்கவிடுங்கள். பலர் மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுகிறார்கள். கார்டியாய்டு மைக், அதாவது முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் மைக், பார்ப்பது உங்களையும் உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான். சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை உள்ள அறையில் இந்தப் போர்வை செய்வதை எந்த மைக்கும் செய்யாது.

அப்படியும் குத்தினால் ஷூர் எஸ்எம்58 வாங்குங்கள். அருகில் வைத்துப் பாடவென்றே செய்த மைக். அறையின் எதிரொலி அதில் குறைவாக விழும்.

கே: ஒரு சாண் தள்ளி நின்று பாடச் சொல்கிறார்கள். கிட்டப் பாடினால்தானே குரல் கனமாக விழும்?

ப: கனம் கூடும், உண்மை. கார்டியாய்டு மைக்கை நெருங்க நெருங்கக் கீழ் ஒலிகள் பெருகும். ஆனால் பாடும்போது தலை அசையும். நான்கு விரல் தூரத்தில் நின்று இன்னும் நான்கு விரல் பின்னால் போனால் தூரம் இரண்டு மடங்கு, ஒலி 6 டெசிபல் இறங்கும். ஒரு சாணில் அதே அசைவுக்கு 3 டெசிபல்கூட இறங்காது. கமகம் போட்டுப் பாடுகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

கே: அப்படியானால் ரேடியோ அறிவிப்பாளர்கள் ஏன் மைக்கை ஒட்டியே பேசுகிறார்கள்? நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ப: நல்ல கேள்வி. அவர்கள் தலையை ஆட்டாமல் ஒரே அளவில் பேசுகிறார்கள். தவிர, ரேடியோ நிலையங்களில் நிறையப் பார்க்கும் எலெக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20, நெருங்கினாலும் கீழ் ஒலி அதிகம் பெருகாதபடி கட்டப்பட்டது. அதை வைத்து மற்ற கார்டியாய்டு மைக்குகளை எடைபோட முடியாது.

கே: மெல்லிய குரலுக்குக் கிட்டப் பாடுவதுதான் அழகு. தாலாட்டை ஒரு சாணில் பாடினால் உயிரே இருக்காது.

ப: தாலாட்டுக்குச் சரி, ஒப்புக்கொள்கிறேன். மூச்சும் கேட்க வேண்டிய பாட்டு அது. நான்கு விரலில், பாப் ஃபில்டர் (‘ப’ போன்ற எழுத்துகளின் காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் திரை) வைத்துப் பாடுங்கள். மேல் ஸ்தாயிக்குப் போய் வரும் பாட்டுக்கு என் பதில் மாறாது. ஒரே பல்லவியை இரண்டு தூரத்திலும் பதிந்து, ஒலி அளவைச் சமமாக்கிக் கேளுங்கள். அளவைச் சமமாக்காவிட்டால் சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

கே: ஷூர் எஸ்எம்7பி மைக் வாங்கலாமா?

ப: இதமான மைக்தான். ஆனால் மெல்லப் பாடுகிறவர்களுக்கு 60 டெசிபல் அளவு கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) வேண்டும். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் உங்கள் இன்டர்ஃபேஸில் அவ்வளவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இரைச்சல்தான் வரும்.

கே: எஸ்எம்7பி நல்லதா, எஸ்எம்58 நல்லதா?

ப: மேலே சொல்லிவிட்டேன். கெயின் இல்லாவிட்டால் 58.

கே: 10,000 ரூபாய்க்குள் இதமான மைக் எது மேடம்?

ப: முதல் பதிலைப் படியுங்கள். முதுகுக்குப் பின்னால் போர்வை, அதற்கப்புறம் மைக்.

கே: சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் போதுமா?

ப: போதாது. கீழ் ஒலியை அது தொடவே தொடாது, தீயும் எளிதில் பற்றும். போர்வை.

கே: வீணைக்கு எந்த மைக்?

ப: அது என் துறை இல்லை. வீணைக் கச்சேரிகளைப் பதிவு செய்கிறவர்களைக் கேளுங்கள்.

கே: ஃபேன் சத்தத்தை அப்புறம் சாஃப்ட்வேரில் எடுத்துவிடலாமா?

ப: எடுக்கலாம், குரலின் அடிப்பகுதியும் கொஞ்சம் சேர்ந்து போகும். நீங்கள் தேடும் இதம் அங்கேதான் இருக்கிறது. ஒரு டேக் முடியும்வரை ஃபேனை நிறுத்துங்கள்.