ஓடத் தொடங்குபவர் எந்த ஷூவை வாங்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 38. இரண்டு மாதங்களாகக் காலையில் 4 கிலோமீட்டர் நடந்துவருகிறேன். காலில் வலி எதுவும் இல்லை. இனி மெதுவாக ஓடிப் பார்க்கலாம் என்று ஷூ வாங்கச் சென்றேன். கடையில் ஈரக்காலை ஓர் அட்டையில் பதிக்கச் சொல்லிவிட்டு, எனக்குத் தட்டைப்பாதம் என்றும், பாத வளைவைத் தாங்கும் 14,000 ரூபாய் ஷூவை அணியாமல் ஓடினால் முழங்கால் கெட்டுவிடும் என்றும் சொன்னார்கள். அவ்வளவு செலவு செய்துதான் ஆக வேண்டுமா? – வாசகி, திருச்சி

பதில்: வேண்டியதில்லை. வலியின்றி இரண்டு மாதம் நடந்த கால்களைப் பற்றி, ஓர் ஈரத்தடத்தை மட்டும் பார்த்துவிட்டு அப்படிப் பயமுறுத்தியது முறையன்று. தடத்தின் வடிவத்தைக் கொண்டு ஷூவைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது என்பது உண்மைதான். அது பயன் தருகிறதா என்று அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரீன் படை ஆகிய மூன்றிலும் பயிற்சிக்கு வந்த புதியவர்களிடம் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பாத வடிவத்துக்கு ஏற்ற ஷூவும், இன்னொரு பிரிவினருக்கு வடிவத்தைப் பாராமல் ஒரே வகை ஷூவும் கொடுக்கப்பட்டன. 2009, 2010 ஆண்டுகளில் வெளியான முடிவுகளின்படி, காயங்களின் அளவில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. ஓட்டத்தைப் பல்லாண்டு ஆராய்ந்த கனடாவின் கால்கரி பல்கலைக்கழகப் பேராசிரியர் பென்னோ நிக், அணிபவருக்கு எது சுகமாக இருக்கிறதோ அதையே முதன்மையான அளவுகோலாகக் கொள்ளலாம் என்று 2015இல் எழுதினார். தட்டைப்பாதம் என்பது பலருக்கு இயல்பான அமைப்பு. வலி தராத வரையில் அதை ஒரு குறையாக எண்ணி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

உங்கள் கவனம் முழுவதும் ஷூவின் முன்பகுதி அகலத்தில் இருக்கட்டும். பெல்ஜிய ஆய்வாளர்கள் தென்னிந்தியரின் பாதங்களையும் தம் நாட்டவரின் பாதங்களையும் ஒப்பிட்டு 2009இல் வெளியிட்ட ஆய்வில், வெறுங்காலுடன் நடந்து பழகியவர்களின் பாதம் அகலமாக இருப்பதைக் கண்டார்கள். வீட்டில் வெறுங்காலும் வெளியில் செருப்புமாக வளர்ந்த நம்மில் பலருக்கு விரல்கள் நன்றாக விரிந்திருக்கும். குறுகலான ஷூவில் அவை நெருக்குண்டு, சுண்டுவிரலின் ஓரத்தில் கொப்புளம் கட்டும். நம் ஊரில் புதிதாக ஓடுபவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான் என்பது என் கருத்து.

பாதம் பகல் முழுவதும் சற்று வீங்கும் என்பதால் மாலையில் கடைக்குச் செல்லுங்கள். ஓடும்போது அணியப்போகும் காலுறையையும் கொண்டுசெல்லுங்கள். பருத்தி வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு தோலை உரசும் என்பதால், செயற்கை இழைக் காலுறையே நல்லது. ஷூவின் உள்ளே இருக்கும் மெல்லிய மெத்தையை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, அதன்மேல் ஏறி நில்லுங்கள். பாதம் அதன் ஓரத்துக்கு வெளியே பிதுங்கினால் அந்த ஷூ உங்களுக்கானதன்று. பெரும்பாலோருக்கு ஒரு பாதம் மற்றதைவிடச் சற்று நீளமாக இருக்கும். நீளமான பாதத்தையே அளவாகக் கொண்டு, எழுந்து நிற்கும்போது மிக நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடம் இல்லாவிட்டால் நகம் முட்டி முட்டிக் கறுத்துப்போகும். வழக்கமாக 6ஆம் எண் அணிபவருக்கு ஒரு நிறுவனத்தில் 6 சரியாக இருந்து, இன்னொன்றில் 7 தேவைப்படலாம். எண்ணைப் பார்த்துத் தயங்க வேண்டாம். லேஸை இறுக்கிய பிறகு குதிகால் மேலெழும்பி வழுக்கக் கூடாது. கடைக்குள்ளேயே பத்து இருபது அடி ஓடிப் பாருங்கள். உங்களைத் தடுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

விலையைப் பொறுத்தவரை, நடுத்தர விலையுள்ள சாதாரணப் பயிற்சி ஷூவே போதும். சென்ற ஆண்டின் மாடல் தள்ளுபடியில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். கார்பன் தகடு பதித்த ஷூக்கள் பந்தய வேகத்துக்காகச் செய்யப்பட்டவை. உங்களுக்கு இப்போது அவற்றால் பயனில்லை. புதிதாக ஓடுபவர்களின் முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் காரணம் ஷூவன்று, தூரத்தை அவசரமாகக் கூட்டுவதே. முதல் சில வாரங்கள் ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடங்கள்.

கேள்வி: வீட்டில் இருக்கும் பேட்மிண்டன் ஷூவை அணிந்தே ஓடலாமா? – கல்லூரி மாணவர், மதுரை

பதில்: ஓரிரு வாரம் முயன்று பார்க்க அது போதும். ஆனால் பக்கவாட்டில் பாய்ந்து நிற்பதற்காகச் செய்யப்பட்ட அதன் அடிப்பாகம் தட்டையாகவும் கெட்டியாகவும் இருக்கும். தார்ச்சாலையில் மீண்டும் மீண்டும் முன்னோக்கி இறங்கும் குதிகாலுக்கு அதில் மென்மை குறைவு. ரன்னிங் ஷூவின் நுரை பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். வாரத்துக்கு 12 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய பத்து முதல் பதினைந்து மாதம் வரை உழைக்கும். அதைக் கையால் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். கடும் வெயிலில் பசை விட்டுப்போகும்.

கேள்வி: பத்து ஆண்டுகளாக எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. நானும் சுகமாக இருக்கும் ஷூவைப் பார்த்து வாங்கினால் போதுமா? – வாசகர், வயது 52, கோவை

பதில்: போதாது. நீடித்த சர்க்கரை நோயால் பாத நரம்புகள் உணர்வை இழந்திருந்தால், இறுக்கமான ஷூகூடச் சுகமாகவே தோன்றும். மேலே நான் சொன்ன அளவுகோல் அங்கே பொய்த்துவிடும். ஓடத் தொடங்குமுன் மருத்துவரிடம் பாத உணர்வுச் சோதனை செய்துகொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் அந்தச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலியும் இருக்காது. அவர் அனுமதித்த பிறகு, ஒவ்வொரு முறையும் ஷூவை அணியுமுன் உள்ளே கையை விட்டுத் தடவி, சிறு கல்லோ மடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். ஓடி முடித்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்ப்பது அவசியம். குனிந்து பார்க்க முடியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கேனும் சிவந்திருந்தால், அது ஆறும்வரை அந்த ஷூவை மீண்டும் அணியாதீர்கள். கொப்புளமோ புண்ணோ கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.