களிமண் கேள்வி கேட்கலாமா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

என் கணவர் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பகலில் பள்ளி வேலை, மாலையிலிருந்து அவருடைய பணிவிடை என்று என் நாட்கள் போகின்றன. சென்ற மாதம் எங்கள் சபையில், எரேமியா தீர்க்கதரிசி குயவன் வீட்டுக்குப் போவதைச் சொல்லும் வேதாகமப் பகுதியான எரேமியா 18-ஆம் அதிகாரத்தை வைத்துப் பிரசங்கித்தவர், "களிமண் குயவனிடம் கேள்வி கேட்பதில்லை, கேட்டால் அது இன்னும் தன்னை ஒப்புக்கொடுக்கவில்லை" என்றார். முழுமையாக ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்று அவர் அழைத்தபோது நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். நாள்தோறும் "ஏன் ஆண்டவரே?" என்று கேட்கிறவள் எப்படி எழுந்து நிற்பது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அன்று பொய்யாக எழுந்து நிற்காமல் இருந்தீர்களே, அதை நான் குறையாக எண்ணவில்லை.

முதலில் அந்த அதிகாரத்தையே பார்ப்போம். எரேமியா குயவன் வீட்டுக்குப் போனபோது, அவன் "திரிகையினாலே வனைந்துகொண்டிருந்தான்" என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. மாவு அரைக்கும் திரிகையை அறிந்தவர்களுக்கு குயவனின் சக்கரத்துக்கு இந்தச் சொல் விநோதமாகத் தோன்றலாம்; ஆனால் மூல எபிரெயச் சொல்லும் இரண்டு கற்களைக் குறிப்பதுதான் என்பதால், மொழிபெயர்த்தவர்கள் யோசித்தே அதை எடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்தத் திரிகையின்மேல் வனைந்த பாண்டம் குயவனின் கையிலேயே கெட்டுப்போகிறது. அவன் அதை எறிந்துவிடாமல், அதே மண்ணை வேறொரு பாண்டமாகத் திரும்ப வனைகிறான். ஈரம் காயாத மண் என்பதால்தான் அது முடிகிறது. அடுத்த அதிகாரத்தில் எரேமியா உடைத்துக் காட்டுவதோ சுட்டு முடித்த கலசம். அதை மறுபடி செப்பனிட இயலாது என்று அங்கேயே சொல்லப்படுகிறது. ஆகவே, வனைதலுக்கு இடம்கொடுப்பது என்றால் இறுகிவிடாமல் இருப்பது என்றே நான் புரிந்துகொள்கிறேன். நாள்தோறும் கேட்டு அழுகிற ஒருவர் இறுகிப்போனவர் அல்லர்.

இன்னொன்று, பிரசங்கங்களில் பெரும்பாலும் விட்டுவிடப்படுவது: குயவன் கையிலுள்ள களிமண்போல நீங்கள் என் கையில் இருக்கிறீர்கள் என்று கர்த்தர் சொல்கிற இந்த உவமை தனி மனிதரின் நோயையோ இழப்பையோ விளக்கச் சொல்லப்பட்டதே அல்ல. எருசலேமின் வீழ்ச்சி நெருங்கிக்கொண்டிருந்த காலத்தில், அநீதியிலிருந்து திரும்ப மறுத்த ஒரு தேசத்துக்குச் சொல்லப்பட்டது. அந்த ஜனம் தன் தீமையை விட்டுத் திரும்பினால் தாமும் செய்ய நினைத்த தீங்கைச் செய்யாதிருப்பதாக 7-ஆம் வசனம் முதல் கர்த்தர் சொல்கிறார். மண்ணால் திரும்ப முடியாது, மனிதரால் முடியும். எனவே உவமை அந்த இடத்திலேயே தன் எல்லையைத் தாண்டிவிடுகிறது. உங்கள் கணவரின் நோயை இந்த வசனத்தால் விளக்க முயல்வது, என் பார்வையில், வசனத்துக்கும் நியாயமில்லை, உங்களுக்கும் நியாயமில்லை.

களிமண் கேள்வி கேட்பதில்லை என்றால், குயவன் வீட்டுக்குப் போய்வந்த தீர்க்கதரிசியையே என்ன செய்வது? ஆகாதவர்களின் வழி ஏன் வாய்க்கிறது என்று 12-ஆம் அதிகாரத்தில் கர்த்தரோடு வழக்காடியவர் அவர். 20-ஆம் அதிகாரத்தில் தாம் பிறந்த நாளையே சபிக்கிறார். "நாங்கள் களிமண், நீர் எங்களை உருவாக்குகிறவர்" என்று நாம் பாடியும் ஜெபித்தும் பழகிய ஏசாயா 64:8-உம் அமைதியான மனநிலையில் பிறந்த வரியல்ல. எருசலேம் பாழாகி, ஆலயம் எரிந்துபோனதைச் சொல்லி, இன்னும் மௌனமாயிருப்பீரோ என்று முடிகிற புலம்பலின் நடுவே அது வருகிறது. நாங்கள் உம்முடைய மண் என்பதுதான் அங்கே முறையிடுவதற்கான உரிமையே.

"தேவனோடு எதிர்த்துத் தர்க்கிக்கிற நீ யார்?" என்ற ரோமர் 9-ஆம் அதிகார வசனத்தை யாராவது உங்களிடம் காட்டக்கூடும். அதே அதிகாரத்தை, அந்த நிருபத்தை எழுதிய பவுல் இடைவிடாத மனவேதனையைச் சொல்லித்தான் தொடங்குகிறார் என்பதையும், தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டவர் அவரே என்பதையும் சேர்த்துப் படியுங்கள். சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனேயில் ஆண்டவராகிய இயேசுவும் மூன்றுதரம் ஜெபித்தார். "உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்ற வார்த்தைக்கு முன்னால், பாடுகளாகிய இந்தப் பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்ற வேண்டுதல் இருக்கிறது. அந்த முதல் பாதியை மறைத்துவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் ஒரு விசுவாசியிடம் கேட்பது, ஆண்டவரிடமே கேட்கப்படாததை உங்களிடம் கேட்பதாகும்.

ஒப்புக்கொடுத்தல் ஒரு ஞாயிறு காலையில் எழுந்து நின்று முடித்துவிடுகிற காரியமல்ல என்பதும் என் எண்ணம். கணவரைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு, பதில் வராத அறையில் மறுபடியும் "ஆண்டவரே" என்று தொடங்குகிறீர்களே, உங்கள் ஒப்புக்கொடுத்தலை நான் அங்கேதான் காண்கிறேன். ஆனால், தனியாகச் சுமப்பதுதான் தேவசித்தம் என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம். தேவனுடைய கைக்கு உங்களைக் கொடுப்பது வேறு. உங்கள் களைப்பைக் கண்டும் காணாமலிருக்கிற மனிதர்களுக்கு இணங்கிப்போவது வேறு.

ஆகையால் ஒன்று செய்யுங்கள். அந்தப் பிரசங்கியாரையே சந்தித்து, வாரத்தில் இரண்டு மாலை சபையிலிருந்து யாராவது வந்து உங்கள் கணவரோடு இருக்க முடியுமா என்று கேளுங்கள்.