ஸ்காட்டிஷ் பைப் பேண்டில் சேர, பரம்பரையாக வாசித்திருக்க வேண்டுமா?

ஸ்காட்லாந்தில் குடியேறியிருக்கிறேன், இசைப் பயிற்சி கிடையாது, ஊர் பைப் பேண்டில் (பேக்பைப் எனும் பை வைத்த ஊதுகருவியும் டிரம்மும் சேர்ந்த வாத்தியக் குழு) சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. கிளாஸ்கோ பக்கம் ஒரு சிற்றூர் பேண்டில் நான் டெனர் டிரம் அடிக்கிறேன். குச்சியைச் சுழற்றுகிற அழகைப் பார்த்து மயங்கிப் போனவன்தான்; யாரும் பூர்வீகம் விசாரிக்கவில்லை. எங்கள் பேண்டில் சொல்லிக்கொடுக்கக் காசு கிடையாது, கில்ட் எனும் கட்டம்போட்ட ஸ்காட்டிஷ் பாவாடையையும் அவர்களே தருகிறார்கள். பதிலுக்கு ஊர் விழா, நவம்பரில் போர்வீரர் நினைவு ஊர்வலம் எல்லாவற்றுக்கும் மழையானாலும் வந்து நிற்க வேண்டும்.

பைப்தான் வேண்டும் என்றால் பொறுமை தேவை. முதலில் பை இல்லாத பயிற்சிக் குழலான ப்ராக்டிஸ் சாண்டரைத்தான் கையில் கொடுப்பார்கள். ஒன்பதே ஸ்வரம்தானே என்று தோன்றும். ஆனால் பைப்பில் காற்று நிற்பதே இல்லை. சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியாது, நடுவில் இடைவெளியும் விட முடியாது. ஒரே ஸ்வரம் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால், நடுவே இன்னொரு ஸ்வரத்தைச் சட்டென்று தட்டித்தான் பிரிக்க வேண்டும். கிரேஸ் நோட் என்பார்கள். இதற்கு விரல் பழகவே பலருக்கு ஒரு வருடம் ஓடிவிடும். அப்புறம்தான் பையும், ட்ரோன் எனப்படும் மூன்று சுருதிக் குழல்களும். நாதஸ்வரத்துக்கு ஒத்து மாதிரி ட்ரோன்கள் சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும்; ஒத்து ஊதத் தனி ஆள் கிடையாது என்பதுதான் கஷ்டம்.

போட்டியில் பேண்ட் நடந்துவந்து, பார்வையாளருக்கு முதுகைக் காட்டி வட்டமாக நின்றுவிடும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு இது மரியாதைக் குறைவாகத் தெரியலாம். பேண்டை நடத்தும் பைப் மேஜரின் விரலையும் காலையும் எல்லோரும் பார்த்தாக வேண்டுமே! தொடக்கத்தில் டிரம்மில் இரண்டு முறை விடாமல் உருட்டி அடிப்பார்கள். அந்த நேரத்தில் எல்லா ட்ரோனும் ஒன்றாக எழ வேண்டும். ஒருவர் முந்தினாலும் மாட்டிக்கொள்வார். வழக்கமாக நடுவர்கள் நால்வர்: பைப்புக்கு இருவர், டிரம்முக்கு ஒருவர், மொத்த இசைக்கு ஒருவர்.

போட்டிக்குப் பேண்டுகளைத் தரம் பிரிப்பார்கள், முதல் கிரேடுதான் உச்சம்; எங்களைப் போன்ற ஊர் பேண்டுகள் பெரும்பாலும் நான்காம் கிரேடு. ஆனாலும் ஆகஸ்டில் கிளாஸ்கோ கிரீனில் நடக்கும் உலகப் போட்டியில் முதல் கிரேடு ஜாம்பவான்கள் இறங்கும் அதே மைதானத்தில் நாங்களும் இறங்கலாம். பரம்பரை பற்றிக் கேட்டீர்களே, 1987-ல் அந்த முதல் கிரேடு பட்டத்தைத் தட்டிச் சென்றது கனடாவின் 78த் ஃப்ரேசர் ஹைலேண்டர்ஸ்.

சுற்றுலாக் கடையில் மலிவாகத் தொங்கும் பைப்பை மட்டும் வாங்கிவிடாதீர்கள், அது சுவரில் மாட்டத்தான் லாயக்கு. உங்கள் ஊர் பேண்டின் பயிற்சி நாள் என்றைக்கு என்று விசாரித்து, வெறுங்கையோடு போய் நில்லுங்கள். சாண்டரை அவர்களே தேர்ந்தெடுத்துத் தருவார்கள்.