4294967297 பகா எண்தானா? கணினி இல்லாமல் கையாலேயே இதைத் தீர்மானிக்க முடியுமா?

முடியும். அது பகா எண் அன்று. 641 × 6700417 என்று பிரிகிறது. கணினியிடம் கேட்டால் நொடியில் விடை வந்துவிடும் என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும், அதில் மனம் நிறையாமல்தான் கையால் முடியுமா என்று கேட்கிறீர்கள் என எடுத்துக்கொள்கிறேன்.

இந்த எண் 2³² + 1. 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்லும் எண்களை இட்டு 1 கூட்டினால், இதே வகையில் முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும்; இவை ஐந்தும் பகா எண்கள். இவ்வரிசை முழுவதுமே பகா எண்கள்தான் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா 1640-இல் கருதினார். 1732-இல் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் 641 இதை வகுப்பதைக் காட்டினார். என் பள்ளி நாள்களில் ஆசிரியர் ஒருவர் இவ்வளவையும் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிட்டார். 641 எங்கிருந்து வந்தது என்று எழுந்து கேட்டேன். தேர்வுக்கு வராது என்றார். அந்தப் பதில் இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது, ஏனெனில் கணிதம் என்று சொல்லத் தக்கது முழுவதும் அந்த 'எங்கிருந்து' என்பதில்தான் இருந்தது.

பின்னாளில் நானே தேடிப் படித்துக் கணக்கிட்டுப் பார்த்தபோது விடை தெளிந்தது. இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 64-இன் மடங்கோடு 1 கூட்டிய வடிவில்தான் இருக்க முடியும் என்பது ஆய்லரின் முடிவு. அதை 128-இன் மடங்கு என்று 1878-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா கூர்மைப்படுத்தினார். ஆகவே சோதிக்க வேண்டியவை 129, 257, 385, 513, 641 என்று தொடங்குகின்றன. 129-உம் 513-உம் 3 ஆல் வகுபடும், 385 ஐந்தால் வகுபடும். 257 என்பது 2⁸ + 1 ஆதலால், அதனால் வகுத்தால் 2³² மீதி 1 தரும், நம் எண் மீதி 2 தரும். எஞ்சுவது 641.

அதற்குப் பெரிய வகுத்தல்கூடத் தேவையில்லை. 641 = 5 × 2⁷ + 1; அதுவே 5⁴ + 2⁴ ஆகவும் அமைகிறது. முதலாவதன்படி, 641 ஆல் வகுக்கையில் 5 × 2⁷ என்பது −1-க்குச் சமானம் (இரண்டின் வித்தியாசம் 641 ஆல் மீதியின்றி வகுபடும் என்று பொருள்). நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1-க்குச் சமானம். இரண்டாவதன்படி 5⁴-க்குப் பதில் −2⁴ இட்டால் −2³² என்பது 1-க்குச் சமானமாகிறது, அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. இவ்வளவு அழகான நிறுவலை மாணவர்களிடமிருந்து மறைத்து வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

128 விதியை நிறுவாமல் பயன்படுத்திவிட்டேன் என்று சிலர் குறை கூறலாம். அதற்கு ஃபெர்மாவின் சிறிய தேற்றத்திலிருந்து தொடங்க வேண்டும், இங்கே இடமில்லை. ஆயினும் 641 பற்றிய மேற்கண்ட நிறுவல் அவ்விதியைச் சிறிதும் சார்ந்திருக்கவில்லை.

6700417 பகா எண்தானா என்பதற்கு மட்டும் அவ்விதி தேவைப்படுகிறது. அதன் வர்க்கமூலம் 2589-ஐ எட்டாது. அதற்குள் அவ்வடிவில் உள்ள பகா எண்கள், முன்பே நீங்கிய 257 போக, 641, 769, 1153, 1409 ஆகிய நான்கு மட்டுமே. நீங்களே வகுத்துப் பாருங்கள். மீதி முறையே 44, 120, 334, 622 என்று வர வேண்டும்; எதுவும் 0 அன்று, ஆகவே 6700417 பகா எண்தான்.