சேணம் சரியா? குதிரையின் முதுகைத் தொட்டுப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் நட்டால் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களும் ஏறப் பழகுகிறவர்களும் இந்த முறை பெரும்பாலும் சேணத்தைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். சேணத்துக்குக் கம்பளி அடைத்து, பழுது பார்த்துப் பிழைக்கிறவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் இனக் குதிரை ஒன்றை வாங்கியிருக்கிறேன். கழுத்து முடியும் இடத்தில் எலும்பு மேடு துருத்திக்கொண்டு நிற்கிறது. நல்ல தோல் சேணமாக ஒன்று வாங்கிவிடட்டுமா? (ஹில்கிரெஸ்ட்)

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. சம்மர்வெல்டிலிருந்தும் மற்றப் பயிற்சிக் கொட்டடிகளிலிருந்தும் வெளியே வரும் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டத்துக்காக இறுக்கி வைத்த உடம்பு அது. புல்வெளியில் விட்டு, நிதானமாக வேறு வேலை பழக்கினால் சில மாதங்களில் முதுகின் வடிவமே மாறும். மேட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கும் பள்ளத்தில் சதை ஏறும். இன்றைக்கு அளவெடுத்து வாங்கும் சேணம் அடுத்த வருடம் நெருக்கிப் பிடிக்கும்.

இப்போதைக்கு முன்வளைவை (சேணத்தின் முன்பக்கத்தில், எலும்பு மேட்டுக்கு மேலே வரும் வளைவு) மாற்றிப் பொருத்தக்கூடிய செயற்கைத் தோல் சேணம் பழையதாகக் கிடைத்தால் போதும். வின்டெக் கம்பெனி சேணம் மாதிரி. ஆனால் முன்வளைவை மாற்றினால் முன்பக்க அகலம் மட்டும்தான் மாறும், அடியில் இருக்கும் மெத்தையின் வடிவம் அப்படியேதான் இருக்கும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

சேணம் பொருந்துகிறதா என்று நானே எப்படிப் பார்ப்பது? ஆள் வைத்துப் பார்க்க வசதி இல்லை. (டோங்காட்)

பார்க்கலாம். குதிரையைச் சமதரையில், நான்கு காலும் சீராக ஊன்றி நிற்க வையுங்கள். நம்னா (சேணத்துக்கு அடியில் போடும் மெத்தைத் துணி), வேறு துணி எதுவும் வேண்டாம். சேணத்தைக் கொஞ்சம் முன்னே வைத்துப் பின்னால் இழுத்துவாருங்கள், தானாக ஓரிடத்தில் உட்காரும். நிறையப் பேர் அதற்கும் முன்னால் தள்ளி வைத்துக் கட்டிவிடுகிறார்கள். அங்கேதான் தொல்லை ஆரம்பம்.

குதிரை முன்காலை நீட்டும்போது தோள்பட்டை எலும்பின் மேல்நுனி பின்னோக்கி நகரும். நம்பிக்கை இல்லையென்றால் யாரையாவது முன்காலைத் தூக்கி மெதுவாக முன்னால் இழுக்கச் சொல்லுங்கள். அந்த எலும்பின் பின்விளிம்பில் உங்கள் கையை வைத்திருங்கள், அது உங்கள் விரலைத் தள்ளிக்கொண்டு வரும். அந்த வழியில் சேணத்துக்குள் இருக்கும் சட்டத்தின் முனை இடித்தால் குதிரை எட்டி வைக்கும் அடியைக் குறைத்துக்கொள்ளும். சட்டத்தின் முனை தோள் எலும்புக்கு இரண்டு மூன்று விரல் பின்னால் இருக்கட்டும்.

அப்புறம் பின்பக்கம். கடைசி விலா எலும்பை வயிற்றோரத்தில் தடவிக் கண்டுபிடித்து, அதன் வளைவைத் தொடர்ந்து மேலே முதுகெலும்பு வரை வாருங்கள். பெரும்பாலான குதிரைகளுக்கு 18 ஜோடி விலா. அந்தக் கடைசி விலா முதுகைத் தொடும் இடம்தான் எல்லை. சேணத்தின் மெத்தை அதைத் தாண்டக் கூடாது, தாண்டினால் இடுப்புப் பகுதி சுமக்கிறது என்று அர்த்தம். அந்த இடம் ஆளைத் தாங்குகிற இடம் அல்ல.

இப்போது பின்னாலிருந்து குனிந்து பாருங்கள். அடி மெத்தைகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்து வழியாக அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிய வேண்டும். சந்தின் அகலம் முன்னும் பின்னும் மூன்று நான்கு விரல் இருக்கட்டும். கடைசியாக, உள்ளங்கையை மேலே திருப்பி மெத்தைக்கு அடியில் முன்னாலிருந்து பின்னால் வரை ஓட்டுங்கள். அழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் கை நசுங்கி, நடுவில் காற்று வாங்கினால் அந்தச் சேணம் பாலம் போட்டு நிற்கிறது. உங்கள் எடை முழுவதும் நான்கு முனையில் இறங்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஆள் ஏறியபின் மறுபடி பாருங்கள். ஏறிய பிறகும் எலும்பு மேட்டுக்கும் முன்வளைவுக்கும் நடுவில் இரண்டு விரலாவது நுழைய வேண்டும்.

இறுக்கமாக இருக்கிற சேணத்துக்கு அடியில் தடிமனான ஜெல் பேட் போட்டால் சரியாகுமா? (பீனிக்ஸ்)

இன்னும் இறுகும். கடிக்கிற செருப்புக்கு இரண்டு காலுறை போட்ட கதைதான்.

சேணம் கொஞ்சம் அகலமாக இருந்தால் மட்டும் தற்காலிகமாகத் துணி உதவும். துணியை முன்வளைவுக்குள் நன்றாக மேலே இழுத்துவிட்டுக் கட்டுங்கள், எலும்பின்மேல் இழுபட்டு நிற்கக் கூடாது.

ஒரு மணி நேரம் ஏறினால் இடுப்பும் முழங்காலும் வலிக்கிறது அண்ணா. கால் எப்போதும் முன்னால் போய்விடுகிறது, ஆசிரியர் திட்டுகிறார். குதிரைக்குச் சேணம் சரியாகத்தான் இருக்கிறது. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

தப்பு உங்கள்மேல் மட்டும் என்று நினைக்காதீர்கள் தங்கச்சி. அங்கவடி வார் தொங்கும் கம்பி ரொம்ப முன்னால் இருந்தால், எவ்வளவு முயன்றாலும் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரிதான் கால் நிற்கும். முன்வளைவு குறுகலாக இருந்து சேணத்தின் முன்பக்கம் தூக்கிக்கொண்டாலும் இதே கதி, ஆள் பின்னால் சரிவார். ஆக, குதிரைக்குச் சரியா என்பதையும் இன்னொரு தடவை பாருங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் இருக்கையின் ஆழமான இடம் நடுவில், தரைக்குச் சமமாக இருக்க வேண்டும்.

இடுப்பு வலிக்கு வேறு காரணம். தொடைகளுக்கு நடுவில் வரும் பகுதி உங்களுக்கு அகலமாக இருந்தால் இடுப்பு விரிந்து வலி வரும். குதிரைக்கு அகலச் சட்டம் தேவைப்பட்டாலும், மேலே ஒடுங்கிய சேணங்கள் உண்டு. கேட்டு வாங்குங்கள். உட்கார்ந்தபின் பின்மேட்டுக்கு (இருக்கையின் பின்னால் உயர்ந்து நிற்கும் விளிம்பு) முன்னால் உங்கள் கை அகலம் இடம் மீதி இருந்தால் இருக்கை அளவு சரி. 17 அங்குலமா 17½ அங்குலமா என்று முத்திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தொடையின் நீளமும் கணக்கில் வரும், அளவோ கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

மகளின் பசூட்டோ இனக் குதிரை பீப்பாய் மாதிரி உருண்டை. மலையிறக்கத்தில் சேணம் கழுத்துக்கே போய்விடுகிறது. வாரை இன்னும் இறுக்கலாமா? (அண்டர்பெர்க்)

வேண்டாம் ஐயா, மூச்சுத்தான் முட்டும். மேடு இல்லாத வட்ட முதுகுக்கு அகலமான, அடி தட்டையான சேணம் வேண்டும். குறுகலான சேணம் அந்த முதுகின்மேல் உட்காராமல் உருளும். வயிற்று வார் இயல்பாக விழும் பள்ளம் எங்கே என்று பாருங்கள். அது முன்னால் இருந்தால் வார் சேணத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். அதற்கு, வயிற்று வாரை மாட்டும் வார்ப்பட்டையின் இடத்தை மாற்றித் தைக்கலாம். டிராக்கன்ஸ்பெர்க் சரிவுகளுக்கு வாலடி வாரும் (சேணம் முன்னால் நழுவாமல் வாலுக்கு அடியில் போட்டுக் கட்டும் வார்) போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று: கோடையில் கிக்கூயூ புல்லைத் தின்று கொழுத்து, குளிர்காலத்தில் இளைத்துப்போகும் குதிரைகள் இவை. வருடத்துக்கு இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். கம்பளி அடைத்த மெத்தை என்றால் கூட்டிக் குறைக்கலாம்.

சேணத்தைக் கழற்றினால் வியர்வையில் நனைந்த முதுகில் அங்கங்கே காய்ந்த இடம். பயப்பட வேண்டுமா? (வெருலம்)

எங்கே காய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. முதுகெலும்பின்மேல் நீளமாகக் காய்ந்திருந்தால் நல்லது, அங்கே சேணம் படக் கூடாது. தோளுக்குப் பின்னால் உள்ளங்கை அளவுக்குக் காய்ந்து, சுற்றிலும் முடி கலைந்திருந்தால் அங்கே அழுத்துகிறது. மெத்தையின் நடுப்பகுதி முழுக்கக் காய்ந்திருந்தால் சேணம் தொடவே இல்லை. நாளைக்கு அந்த இடத்தை விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். குதிரை முதுகைத் தாழ்த்தினால் சேணத்தைப் போடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அந்த இடத்தில் வெள்ளை முடி முளைத்தால் அது பழைய அழுத்தத்தின் தழும்பு. பல சமயம் போவதில்லை.

பழைய சேணம் ஒன்று மலிவாக வருகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்? (சாட்ஸ்வொர்த்)

டர்பன் ஈரத்தில் பூஞ்சை பிடித்திருக்கும், அது துடைத்தால் போய்விடும். சட்டம் உடைந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். முன்வளைவை உங்கள் வயிற்றில் ஊன்றிப் பின்மேட்டை உங்கள் பக்கம் இழுங்கள். லேசாக வளைந்து திரும்பலாம். இருக்கைத் தோல் நடுவில் மடிந்து சுருங்கினாலோ, உள்ளே கிரீச்சென்று சத்தம் வந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முன்வளைவின் இரண்டு முனையையும் பிடித்து அகட்டிப் பாருங்கள், அதுவும் அசையக் கூடாது. மற்றதெல்லாம் தையல் வேலை. கொண்டுவாருங்கள், பார்க்கலாம்.