க்ளாக் துப்பாக்கியில் பூட்டு எங்கே?

புதிதாக வாங்கிய க்ளாக் 19 கைத்துப்பாக்கியில் பக்கவாட்டுப் பாதுகாப்புப் பூட்டே இல்லை, கைதவறி விழுந்தால் வெடித்துவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பூட்டு விசையிலேயே இருக்கிறது. விசையின் நடுவில் துருத்தி நிற்கும் சிறு நாக்கைப் பாருங்கள். அது அழுந்தாதவரை விசை பின்னால் நகராது. விளிம்பில் மட்டும் ஏதாவது உரசினால் நாக்கின் பின்முனை சட்டத்தில் முட்டித் தடுத்துவிடும். உள்ளே இன்னும் இரண்டு காப்புகள் உண்டு: சுடும் ஊசியை மறிக்கும் கட்டை ஒன்று, அதிர்ச்சியில் ஊசி விடுபடாமல் பிடிக்கும் அமைப்பு ஒன்று. விசையை இழுக்கும்போது மூன்றும் அடுத்தடுத்து விலகும். ஆகவே விழுவதைப் பற்றிய பயம் பெரிதாக வேண்டாம்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. அந்த நாக்குக்கு விரலும் ஒன்றுதான், கயிறும் ஒன்றுதான். உறையில் செருகும்போது ஜாக்கெட்டின் இழுகயிறு விசையில் சிக்கினால் துப்பாக்கி சுட்டுவிடும். விசையை முழுக்க மூடும் கெட்டியான உறையை வாங்குங்கள். தொய்ந்த துணி உறை வேண்டவே வேண்டாம். பார்த்து, மெதுவாகச் செருகுங்கள்.

சுத்தம் செய்யக் கழற்றும்போது விசையை ஒருமுறை இழுத்தாக வேண்டும். தோட்டாக்கள் அடுக்கிய மேகசினை எடுத்த பிறகும், குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறைக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம், அது வெடிக்கும். துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகே விசையைத் தொடுங்கள்.